கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 19, திங்கள்

மருமகள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய டைரி இத்தனை நாள் பீரோவில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுதிவைக்க விஷயம் இருக்கிறது.

பரமசிவம் அண்ணாச்சியைத் தென்காசி பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். தலையில் தையல். எலும்பு முறிவு இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஏற்கெனவே பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்த மனிதர். போன வியாழக்கிழமை குளியலறை வாசலில் சறுக்கி விழுந்து, மதியம் முழுக்க எழுந்திருக்க முடியாமல் ஈரத்தில் கிடந்திருக்கிறார். பேச்சு குழறும், கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது. குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லையே என்று எதிர்வீட்டு ஆட்டோக்காரர் காதர்தான் கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார்.

அந்த நேரம் அவர் மனைவி ஆவுடையும் நானும் கேரளப் பக்கம் ஆரியங்காவில் இருந்தோம். நல்லமிளகு வாங்கப் போயிருந்தோம்.

ஆவுடையம்மாளும் நானும் செங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவள் டெலிபோன் ஆபீசுக்குப் போனாள், நான் நர்ஸ் படிப்புக்குப் போனேன். இரண்டு பேரும் ஓய்வு பெற்று இப்போது அடுத்தடுத்த தெருவில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தவறியபிறகு பொழுது போகாமல் ஒருநாள் தேங்காயெண்ணெய் வாங்க மலையேறினோம். நம் பக்கம் லாட்டரிக்குத் தடை. எல்லையில் கோட்டைவாசலைத் தாண்டினால் கடைக்குக் கடை சீட்டு தோரணம் மாதிரி தொங்கும். யார் முதலில் வாங்கினது, யார் யாரைக் கூட்டிப் போனது என்பதெல்லாம் இப்போது முக்கியமில்லை.

அடுப்படியில் வைத்து ஆவுடை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இனி கோட்டைவாசல தாண்ட மாட்டேன்ட்டி லில்லி. அவங்க அந்த ஈரத்துல கெடந்தது என் கண்ணுக்குள்ளயே நிக்கி. நீயும் சத்தியம் பண்ணு."

"எங்க ஆளுக சத்தியம் பண்ண மாட்டோம்ட்டி. சொன்னாச் சொன்னதுதான்."

"அப்பச் சொல்லு."

சொன்னேன்.

பிறகு அவள் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு மூன்று சீட்டை எடுத்தாள். இந்த வியாழக்கிழமை குலுக்கலுக்கு உள்ளவை. வாங்கின உடனே பின்பக்கத்தில் புருஷன் பெயரை எழுதி வைப்பது அவள் பழக்கம், ராசி என்பாள். "எங்கையால கிழிக்க முடியல. நீ கொண்டுபோய்க் கிழிச்சிரு" என்று என் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்து அந்த வேலையை முடித்தேன்.

ஜனவரி 21, புதன்

காலையில் போய் அண்ணாச்சிக்கு பிரஷர் பார்த்தேன். தையல் காய்ந்து வருகிறது.

ஆவுடைதான் சரியில்லை. தண்ணீர் தண்ணீராகக் குடிக்கிறாள். விரல் நுனியில் லேசான துடிப்பு. பஸ் ஹாரன் கேட்டால் தலை தானாக வாசல் பக்கம் திரும்புகிறது. குடியை நிறுத்தினவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன், கிட்டத்தட்ட அதே குறிகள். பாவமாக இருந்தது. எனக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து கழுவிய பாத்திரங்களையே இன்னொரு தடவை கழுவினேன், அவ்வளவுதான்.

"ஒரு பஸ்ஸு முந்திக் கெளம்பியிருந்தா அவங்க அவ்வளவு நேரம் கெடந்திருக்க மாட்டாங்க" என்றாள்.

"விடுட்டி."

"நான் கெளம்புவோம்னுதான சொன்னேன்? நீதான் ரிசல்ட் வரட்டும், பாத்துட்டுப் போவோம்ன்ன."

துக்கத்தில் இருக்கிறவள் வாயில் எதுவும் வரும். நான் மறுத்துப் பேசவில்லை.

ஜனவரி 22, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. மதியம் தூங்கலாம் என்று படுத்தேன். தூக்கமும் வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் மழை வருமா, வடகம் போடலாமா என்று பார்க்கத்தான் போனை எடுத்தேன். நேற்றைய குலுக்கல் ரிசல்ட் தானாக வந்து நின்றது. கண் தன்பாட்டுக்கு அதில் ஓடியது.

ஒன்றைத் திருத்தி எழுத வேண்டும். திங்கட்கிழமை வேலையை முடித்தேன் என்று எழுதியிருந்தேன். மூன்றில் இரண்டைத்தான் கிழித்தேன். மூன்றாவதன் எண்ணைப் பார்த்தபோது கை வரவில்லை. என் பிறந்த வருடத்தில் முடிகிற எண். குலுக்கல் முடிந்ததும் கிழித்துக்கொள்ளலாம், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பிரஷர் கருவியின் உறைக்குள் வைத்தேன்.

அதுதான் விழுந்திருக்கிறது. ஒரு லட்சம்.

எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதத்துக்குள் கொண்டுபோய்க் காட்டினால்தான் பரிசு. அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதியோடு தவணை முடிகிறது.

சீட்டு ஆவுடையுடையது. கிழிக்கச் சொன்னதும் ஆவுடைதான். இப்போது இது யாருடையது?

அந்த உறையோடுதான் வழக்கம்போல அவள் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி கையில் பட்டையைச் சுற்றும்போது சீட்டு உள்ளே சரசரவென்றது. எனக்கு மட்டும் கேட்டிருக்கும்.

ஜனவரி 24, சனி

ஆவுடை கண் வீங்கி இருந்தாள். நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று காதர் மனைவி மைமூன் சொன்னாள். கேட்டால் தலைவலி என்கிறாள்.

நான் புறப்படும்போது வாசல்படியில் வழியை மறித்து நின்றாள்.

"அன்னைக்கித் தந்ததக் கிழிச்சிட்டேல்லா?"

"கிழிச்சிட்டேன்."

என் முகத்தையே பார்த்தாள். நான் பிரஷர் கருவியை மறுகைக்கு மாற்றினேன். ஆனால் அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"நல்ல காரியம் பண்ணுன. யாரு என்ன சொன்னாலும் அது நல்ல காரியந்தான். நீ எதையும் மனசுல வச்சுக்கிடாத, என்ன?"

எதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறாள்? சாப்பிடாத மயக்கத்தில் பேசுகிறாள் போல.

ஜனவரி 30, வெள்ளி

அண்ணாச்சியைத் தினமும் சாயங்காலம் ஊன்றுகோலோடு தெருமுனை வரை நடத்திக் கூட்டிப் போகிறாள் ஆவுடை. அவர் கீழே பார்த்து நடக்க, இவள் அவர் காலைப் பார்த்து நடக்க, இரண்டு பேரும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் மாதிரி போகிறார்கள். இன்று அவர் "சட்...னி" என்று தெளிவாகக் கேட்டார். கூடக் கொஞ்சம் ஊற்றினாள்.

இவளிடம் இப்போது போய் எப்படிச் சொல்வது? விழுந்தது என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவாள். குடியை விட்டவன் மடியில் பாட்டிலை வைக்கிற காரியம். சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு நான் செய்கிற நன்மை. கிழித்துவிடலாம்தான். கிழித்தால் அவள் சொத்தை அழித்த பாவம் எனக்கு வரும். ஆகவே, எதுவும் செய்யாமல் வைத்திருப்பதே நியாயம் என்று படுகிறது.

காலையிலும் சாயங்காலமும் உறையைத் திறந்து, இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆரியங்காவு போய் வந்தேன். விவரம் கேட்பதற்குத்தான். சும்மா வைத்திருக்கிற பொருளுக்கு முறை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

பஸ் புளியரை தாண்டி மேடேறும்போது ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. எத்தனை நாளாயிற்று. மார்பிலிருந்த இறுக்கம் அங்கேயே விட்டுப்போனது. மலைக்காற்று உடம்புக்கு நல்லதுதான்.

சீட்டுக்கடை சசிதரன் தூரத்திலேயே பார்த்துவிட்டான். "சேச்சி! எந்தா, ரெண்டு வாரமா காணான் இல்ல? மற்றே சேச்சி எங்கே?"

"அவளுக்கு மேலுக்குச் சரியில்ல. ஒரு பேச்சுக்குக் கேக்கேன் சசி. ஒருத்தங்க சீட்டு இன்னொருத்தங்க கையில இருந்து, அது விழுந்தா..."

"பின்னால பேரு எழுதியிருக்கோ?"

"எழுதியிருந்தா?"

"எழுதின ஆளு வரணும் சேச்சி. ஆதார் வேணும், கையெழுத்து போடணும்." அவன் சிரித்தான். "விழுந்தோ?"

"சும்மா கேட்டேன்."

ஆக, அது அண்ணாச்சி பெயருக்கு உள்ளது. எனக்கு எந்த வகையிலும் உதவாது. அது தெரிந்ததே ஒரு நிம்மதி. நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு வந்தேன். வேறொன்றும் வாங்கவில்லை.

பேட்டரி குறைவாக இருந்ததால் போனை அணைத்து வைத்திருந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நல்லமிளகு வாங்கப் போனேன்.

பிப்ரவரி 9, திங்கள்

நல்லமிளகு.

பிப்ரவரி 11, புதன்

வீட்டில் ஒரு வருஷத்துக்கு வேண்டிய நல்லமிளகு இருக்கிறது.

ஓசூரிலிருந்து மகன் பேசினான். "ஏம்மா கொரலு ஒரு மாதிரியா இருக்கு? மத்தியானம் போட்டா எப்பவும் சுவிட்ச் ஆஃப்னு வருது?" என்றான். போன் பழசாகிவிட்டது என்றேன். புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்கிறான், நல்ல பிள்ளை. பேசி முடித்ததும் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. இரவில் சரியாகத் தூங்காததால் இருக்கும்.

சாயங்காலம் ஆவுடை வந்தாள். அவள்தான் தெளிந்து வருகிறாளே, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வத்திப்போயிட்டியேட்டி, சுகர் பாத்தியா?" என்றாள்.

"ஒறக்கமில்ல."

"எனக்கும் மூணு மணி ஆனா ஒரு மாதிரி வருது. ரிசல்ட் நேரம்லா. ஒடம்பு அதுக்குப் பழகிப்போச்சு. அப்ப மட்டும் நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துகிடுவோமா? எங்க வீட்டுக்கு வா. முறுக்குச் சுத்துவோம், தாயம் வெளையாடு... இல்ல, தாயம் வேண்டாம்." தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு. "இந்த மாசம் சபையில பெண்கள் கூட்டம் இருக்குட்டி. மத்தியானம் மத்தியானம் போவணும்."

"நல்லதுதான். எனக்கும் சேத்து ஜெபம் பண்ணு" என்றாள்.

பிப்ரவரி 14, சனி

அண்ணாச்சி பிரஷர் பரவாயில்லை. என்னுடையதைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை. இன்று காலை சபையில் லெந்து நோன்புக்கால முதல் ஆராதனை. போகவில்லை.

நேற்று மதியம் நான் ஆரியங்காவில் இருந்தேன். பெண்கள் கூட்டம் என்று ஆவுடையிடம் சொல்லியிருந்தேன். போன் அணைந்திருந்தது. பேட்டரி நிறைய இருந்தது, நான்தான் அணைத்தேன். இதையாவது உள்ளபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் பஸ் இறங்கித் தெருவுக்குள் வந்தால் ஆவுடை வீடு பூட்டிக் கிடக்கிறது. மைமூன் ஓடி வந்தாள்.

"எங்க போனீய நர்ஸம்மா? அய்யாவுக்குக் கஞ்சி பொரையேறி மூச்சே நின்னுபோச்சு. மொகம் நீலம் பாரிச்சிட்டு. ஒங்களுக்குப் போன் போட்டுப் போட்டு அக்கா கதறிட்டாவ. கடைசில எங்க வீட்டாளுதான் ஆட்டோல தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கு."

தென்காசி வரை எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. புரையேறி மூச்சடைத்தவரைச் சரிசெய்வது எனக்குத் தெரியும். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன். கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டி, வாயைத் துடைத்து எடுக்க வேண்டியது. அடுத்த தெருவில்தான் என் வீடு. ஓடினால் ஒரு மூச்சில் போய்விடலாம்.

ஆண்கள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஆவுடை உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் கஞ்சி காய்ந்திருந்தது. உள்ளே அண்ணாச்சிக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"எங்கட்டி இருந்த?" அவள் குரலில் கோபமே இல்லை.

"சபையில..."

"மைமூன சபைக்கு அனுப்புனேன். பூட்டிக் கெடக்குன்னு வந்து சொன்னா. பையில என்ன, நல்லமிளகா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். பையைத் திறந்து பிரஷர் கருவியை எடுத்து, உறைக்குள்ளிருந்து சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பேசுவது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. "கிழிச்சேன்னு பொய் சொன்னேன்ட்டி. இது ஒண்ண மட்டும் கிழிக்கல. விழுந்திருக்கு. ஒரு லட்சம். இந்தச் சனிக்கிழமையோட தவணை முடியுது. ஒன்னோடதுதான், எடுத்துக்க."

அவள் மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். தோளைப் பிடிக்கத் தயாராகக்கூட இருந்தேன். அவள் சீட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்தது எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன?"

"டெலிபோன் ஆபீசுல நம்பர மனசுல வச்சே காலந்தள்ளுனவ நான். வாங்குன சீட்டு நம்பர் மறக்குமா? மறுநாக் காலையில மைமூன் போனுல பாத்துட்டேன். அன்னைக்கிப் பூரா சோறு எறங்கல. ஒம்மேல அவ்வளவு ஆத்திரம். பொறவு யோசிச்சேன், கிழிக்கச் சொன்னது நாந்தான. இது ஒனக்குத் தெரிஞ்சா, கிழிச்சிட்டோமேன்னு காலத்துக்கும் நொந்துகிட்டுத் திரிவியேன்னுதான் வாயத் தொறக்கல."

அவள் மடியிலிருந்து சீட்டு சரிந்தது, பிடித்து மறுபடி வைத்தேன்.

"ஒரு மாசமாப் போராடி, அது போச்சு, போனது போச்சுன்னு மனசத் தேத்தி வச்சிருக்கேன்ட்டி. அழுது பொதைச்ச பொணம் எந்திரிச்சு வந்து மடியில உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"அண்ணாச்சி வைத்தியத்துக்கு ஆகும்லா. காதர கூட்டிட்டுப் போயி..."

"யாரு போனாலும் நானும் போணும். அவங்களையும் தூக்கிட்டுப் போணும். அங்க போயி அந்தக் கடை வாசல்ல பணத்தோட நின்னா நான் திரும்பி வருவேன்னு நெனைக்கியா? நான் வர மாட்டேன்ட்டி. என்னை எனக்குத் தெரியும்."

சீட்டை எடுத்தாள். முதல் கிழிசல் பாதியில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு மீதியைக் கிழித்தாள். பிறகு நான்காக, பிறகு எண்ண முடியாதபடிக்கு. எல்லாவற்றையும் தரையில் விட்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

நான் தரையில் மண்டியிட்டு அதைப் பொறுக்கினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பெஞ்சுக்கு அடியில் போனதை, ஆட்கள் செருப்பில் ஒட்டினதை, எல்லாவற்றையும் பொறுக்கினேன். யாரோ ஒருவரிடம் காலை நகர்த்தச் சொன்னேன். பெருக்க வந்த அம்மா துடைப்பத்தோடு ஒதுங்கி நின்றார். நான் தலைமைச் செவிலியராக நடந்த அதே வராண்டா. துண்டுகளை மடியில் போட்டு ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சிவம்" என்கிற பாதி கிடைத்துவிட்டது, "பரம" கிடைக்கவில்லை.

"லில்லி, எந்திரி" என்றாள் ஆவுடை.

"இரு, இன்னும் ஒண்ணுதான்."

"எல்லாரும் பாக்காவ. எந்திரிட்டி."

குனிந்தபோது என் பை கவிழ்ந்தது. பக்கவாட்டு அறையிலிருந்த சீட்டுகள் வழுக்கி வந்து தரையில் பரவின. இன்றைய குலுக்கல், நாளைய குலுக்கல், அடுத்த வாரத்துக்கு உள்ளவை. ஒரு கத்தை. இந்த டைரியில்கூட நான் எழுதாதவை.

ஆவுடை அவற்றைப் பார்த்தாள். பிறகு தானே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் சேர்த்து அடுக்கி, என் கையில் வைத்தாள்.

"இது ஒன்னோடது. இத நான் கிழிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே அண்ணாச்சியிடம் போய்விட்டாள்.

பிப்ரவரி 21, சனி

அண்ணாச்சியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்களாம். மைமூன் சொல்லித்தான் தெரியும். பிரஷர் பார்க்க நான் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

வாசலில் பஸ் சத்தம் கேட்டால் என் தலை திரும்புகிறது. ஆவுடையைப் பற்றி நான் எழுதிய குறிகள் அத்தனையும் எனக்கு இருக்கின்றன. அவளுக்கு வந்தபோது எவ்வளவு லட்சணமாகப் பெயர் சொன்னேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மூன்று மணி வெயிலில் ஆவுடை வந்தாள். கேட்காமலேயே அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அவங்களப் பாத்துக்க மைமூன் இருக்கா. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். ஆஸ்பத்திரில மாடியில மனநலப் பிரிவுன்னு போர்டு பாத்தேன். உள்ள போயிக் கேட்டேன். சீட்டு வாங்குற பழக்கத்தையும் பாப்பாங்களாம். மருந்தும் உண்டாம், ஒக்கார வச்சுப் பேசுவாங்களாம்."

"என்னப் பைத்தியம்னு சொல்லுதியா?"

"நான் அப்படிச் சொன்னனா?"

"முப்பது வருசம் அந்த ஊரு ஆஸ்பத்திரில வேலை பாத்தவ நான். நான் ஊசி போடச் சொல்லிக் குடுத்த பிள்ளைக இன்னைக்கி அங்க சிஸ்டரா இருக்குதுக. அதுக முன்னால போயி நான் வரிசையில நிக்கணுமா? ஒனக்கென்ன, நீ விட்டுட்ட. பெருமையாப் பேசலாம்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "விட்டுட்டனா? யாருட்டி சொன்னா? நேத்து அவங்களுக்கு மருந்து வாங்கப் போனவ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். ஆரியங்காவு வண்டி நின்னுச்சு. படியில ஒரு காலு வச்சுட்டேன். கண்டக்டர் ஏறுங்கம்மாங்கான். எறங்கித் திரும்பி வந்தது எப்படின்னு எனக்கே தெரியல. எனக்கும் போணும். தனியாப் போகப் பயமா இருக்கு, அதான் ஒன்னக் கூப்புடுதேன்."

காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. அதையே குடித்தேன். செவ்வாய்க்கிழமைதான் அந்த டாக்டர் வருவாராம். அடுத்த செவ்வாய் போவோம் என்றேன், பேச்சை முடிப்பதற்காக.

மார்ச் 1, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

மார்ச் 2, திங்கள்

நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். தோசைக்கு மாவு அரைத்தேன். மிக்சி இரைச்சல் போடுகிறது, பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

விடிந்ததுமே ஆவுடை வந்து வாசலில் நின்றாள். தலைவலி என்றேன், வயிற்றுப்போக்கு என்றேன். "ஆஸ்பத்திரிக்குத்தான போறோம், அதுக்கும் மாத்திரை வாங்கிக்கிடுவோம்" என்றாள்.

இரண்டு பேருக்கும் ஓ.பி. சீட்டுப் போட்டு மாடிக்குப் போனோம். நான் பயந்ததுதான் நடந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் என்னிடம் பயிற்சிக்கு இருந்த ஸ்டெல்லா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"சிஸ்டர், நீங்களா? ஏன் வரிசையில நிக்கிறீங்க, உள்ள வாங்க. யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாக வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆவுடை மறுக்கவும் மாட்டாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"நான் யாரையும் கூட்டிட்டு வரலம்மா. இவதான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கா."

ஸ்டெல்லா என் கையிலிருந்த சீட்டை வாங்கி மற்ற சீட்டுகளோடு வைத்தாள். "ஒக்காருங்க சிஸ்டர், கூப்பிடுறேன்" என்றாள், எல்லாரிடமும் சொல்வது போல. வரிசையில் உட்கார்ந்தேன்.

டாக்டர் சின்னப் பெண், என் மருமகள் வயதுகூட இராது. ஆவுடையிடம் முதலில் கேட்டார். அவள் குளியலறை வாசலில் தொடங்கி பஸ் படிக்கட்டு வரை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. கடைசியா எப்ப வாங்குனீங்க?"

"போன மாசம். பதினேழாந் தேதி. இவ வீட்டுக்காரருக்கு மூச்சடைச்ச அன்னைக்கி."

டாக்டர் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். ஆவுடை சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுதி முடித்துவிட்டால் அதுவே உண்மையாகிவிடும், நானும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது.

"இல்லம்மா" என்றேன். "நேத்து."

ஆவுடை திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து மத்தியானம் போயி வாங்கிட்டு வந்தேன். இன்னைக்கி மூணு மணிக்கு ரிசல்ட். இப்பவும் பையில இருக்கு."

டாக்டருக்கு முகம் மாறவில்லை. நேற்று ஜுரம் எத்தனை டிகிரி இருந்தது என்று கேட்கிற குரலில், "போகும்போது எப்படி இருந்துச்சு? வாங்கிட்டுத் திரும்பும்போது எப்படி இருந்துச்சு?" என்றார்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாள் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் எழுதியதில்லை. ஆவுடை எழுந்துவிட்டாள். போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் தன் நாற்காலியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து, என் முழங்கையில் முழங்கை இடிக்கும்படி போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுட்டி" என்றாள்.